தன்னைப் போலவே எழுதும் நிரல் ஒருநாள் தன்னையே எழுதிவிடுமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். பைத்தான் என்ற நிரல்மொழியில் 40 வரி நிரல் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். அது தன் மூலநிரல் கோப்பைத் தானே திறந்து படிக்கிறது. எந்த 3 எழுத்துகளுக்குப் பின் எந்த எழுத்து எத்தனை முறை வந்திருக்கிறது என்று கணக்கெடுக்கிறது. பிறகு அந்தக் கணக்குப்படி சீட்டுக் குலுக்கி, எழுத்து எழுத்தாகப் புதிய உரை ஒன்றை எழுதுகிறது. வந்த உரை தூரத்திலிருந்து பார்த்தால் உங்கள் நிரலைப் போலவே இருக்கிறது. ஓட்டினால் முதல் வரியிலேயே விழுந்துவிடுகிறது. 3 என்பதை 20 ஆக்கியதும் உங்கள் நிரலையே ஓர் எழுத்துப் பிசகாமல் அச்சடித்துவிட்டது. இது தன்னைத் தானே படியெடுக்கும் நிரலா, இரவு முழுக்க ஓடவிட்டால் என்றாவது என் நிரலைவிட மேலான குழந்தை ஒன்றைப் பெற்றெடுக்குமா என்று கேட்கிறீர்கள். இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: சாயல் கூடிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது செயலாக மாறிவிடுமா?

தரமணியில் கம்பைலர்களை, அதாவது நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள்களைச் சோதிக்கும் வேலையில் 18 ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அந்த வேலையில் பாதி, தற்செயலாக நிரல் எழுதும் நிரல்களை எழுதுவதுதான். ஆகவே உங்கள் கேள்வியில் என் கைபட்ட பகுதி பெரிது. உயிரியலைத் தொடும் இடங்களில் மட்டும் நான் படித்துத் தெரிந்துகொண்டவன். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

நீங்கள் செய்த வேலைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட பரம்பரை இருக்கிறது. 1913இல் ரஷ்யக் கணிதவியலாளர் மார்க்கோவ், புஷ்கினின் செய்யுள் நாவல் ஒன்றிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டு, உயிரெழுத்துக்குப் பின் உயிர் வருவது எத்தனை முறை, மெய்க்குப் பின் உயிர் வருவது எத்தனை முறை என்று கையாலேயே எண்ணினார். மொத்தத்தில் உயிர்கள் 43 விழுக்காடு. ஆனால் ஓர் உயிருக்கு அடுத்து மறுபடியும் உயிர் வருவது 13 விழுக்காடுதான். மெய்க்கு அடுத்து உயிர் வருவதோ 66 விழுக்காடு. முன்னால் நிற்பது பின்னால் வருவதை இழுக்கிறது என்பதை எண்களால் காட்டிய வேலை அது. 1948இல் கிளாட் ஷானன் இதைத் திருப்பிப் போட்டு, எண்ணுவதற்குப் பதில் எழுதவே பயன்படுத்தினார். புத்தகத்தை ஏதோ ஒரு பக்கத்தில் திறந்து ஓர் எழுத்தை எடுப்பது. வேறொரு பக்கத்தைத் திறந்து அதே எழுத்து வரும்வரை படித்து, அதற்கு அடுத்த எழுத்தைக் குறித்துக்கொள்வது. மறுபடியும் வேறு பக்கம். அட்டவணைகூட வேண்டாம். வீட்டில் கிடக்கும் நாளிதழை வைத்தே ஒரு மாலையில் நீங்கள் செய்து பார்க்கலாம். தமிழ் வாசகருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது இன்னும் எளிது. ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் தொடக்கமாக்கும் அந்தாதியைப் போன்றதுதான் இந்தச் சங்கிலியும். ஒரே வேறுபாடு, இங்கே அடுத்த கண்ணியைப் புலவர் தேர்வதில்லை, சீட்டு தேர்கிறது.

இப்போது 3க்கும் 20க்கும் இடையில் என்ன நடந்தது என்று பார்ப்போம். இந்தப் பகுதி முழுவதும் உறுதியானது. நினைவின் நீளம் 3 என்றால், இடைவெளி உட்பட எந்த மூன்றெழுத்துத் துண்டும் உங்கள் கோப்பில் பல இடங்களில் வந்திருக்கும். ஒவ்வோர் இடத்திலும் பாதை பிரியும். நீளம் கூடக் கூட, திரும்ப வரும் துண்டுகள் குறையும். உங்கள் கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வரும் மிக நீண்ட துண்டைவிட ஓர் எழுத்து கூடுதலாக நினைவு வைத்தால், எந்தத் துண்டுக்கும் அடுத்த எழுத்து ஒன்றே ஒன்றுதான். பாதை பிரிவதே இல்லை. சீட்டில் ஒரே பெயர்தான் எழுதியிருக்கும்போது எத்தனை முறை குலுக்கி என்ன? கோப்பின் தொடக்கத்திலிருந்து புறப்பட்டால் அதையே முடிவுவரை எழுதும். அது பிறப்பு ஆகாது, ஈயடிச்சான் காப்பி. ஒருமுறை சரியாக வந்ததை வைத்து 20தான் அந்த எல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பிரியும் இடம் ஓரிரண்டு மட்டும் மிச்சம் இருந்து, அன்று சீட்டு உங்கள் பக்கம் விழுந்திருக்கலாம். நூறு முறை ஓட்டிப் பாருங்கள்.

ஆகவே உங்கள் நிரல் குவைன் என்று அழைக்கப்படும் வகையைச் சேர்ந்ததல்ல. தத்துவவாதி குவைனின் நினைவாக டக்ளஸ் ஹாஃப்ஸ்டாடர் 1979இல் வைத்த பெயர் அது. தன் கோப்பைத் திறந்து படிக்காமல், எந்த உள்ளீடும் வாங்காமல், தன் மூலநிரலை அப்படியே அச்சடிப்பதுதான் குவைன். அதன் நுட்பத்தைத் தமிழிலேயே எழுதிக் காட்டலாம். பின்வருவதை இருமுறை எழுது, இரண்டாம் முறை மேற்கோள் குறிக்குள்: "பின்வருவதை இருமுறை எழுது, இரண்டாம் முறை மேற்கோள் குறிக்குள்:" இந்தக் கட்டளையை ஒரு தாளில் நிறைவேற்றிப் பாருங்கள், அதே கட்டளை அப்படியே வந்து நிற்கும். ஒரே உரை ஒருமுறை ஆணையாகவும் ஒருமுறை வெறும் எழுத்தாகவும் பயன்படுகிறது. முழு வலிமை கொண்ட எந்த நிரல்மொழியிலும் இப்படி ஒன்று இருந்தே தீரும் என்பது ஸ்டீவன் கிளீனி 1938இல் நிறுவிய தேற்றத்திலிருந்து கிடைக்கிறது. ஜான் வான் நியூமன் 1948இல் ஆற்றிய உரையில் தன்னைப் படைக்கும் இயந்திரத்துக்கும் இதே அமைப்பைத்தான் சொன்னார்: இயந்திரத்தின் வரைவு ஒருமுறை பின்பற்றப்பட வேண்டும், ஒருமுறை பொருள் பார்க்காமல் நகலெடுக்கப்பட வேண்டும். உயிரணுவில் டிஎன்ஏ பயன்படுவதும் இதே இரண்டு வழிகளில்தான். அதன் வடிவம் தெரிய வந்ததோ 1953இல். இதை முதன்முதலில் படித்த நாளன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சாயல் ஏன் ஓட மறுக்கிறது என்பதற்கு வருகிறேன். வெண்பா எழுதிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்ற வெண்டளை விதி அடுத்தடுத்த இரண்டு சீர்களுக்கு இடையே மட்டும் பார்க்கும் விதி. முந்தைய சீரை மட்டும் நினைவில் வைத்திருக்கும் சங்கிலிகூடத் தளை தட்டாமல் சீர்களை அடுக்கிக்கொண்டே போகும். ஆனால் எதுகைக்கு முந்தைய அடியின் முதற்சீர் நினைவில் இருக்க வேண்டும். ஈற்றடி மூன்று சீரோடு நிற்க வேண்டும். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளுள் ஒன்றில் முடிய வேண்டும். பக்கத்துச் சீரை மட்டும் பார்ப்பவருக்குத் தான் எந்த அடியில் நிற்கிறோம் என்பதே தெரியாது. அவர் எழுதுவதைக் காதால் கேட்டால் வெண்பா போலவே இருக்கும். அது வெண்பா ஆகாது.

நிரலிலும் அப்படித்தான். திறந்த அடைப்புக்குறி பல வரிகள் தாண்டி மூடப்பட வேண்டும். ஒரு பெயர் பயன்படுவதற்கு முன் எங்கோ மேலே அதற்கு மதிப்பு தரப்பட்டிருக்க வேண்டும். பைத்தானில் வரியின் தொடக்க இடைவெளியே ஒரு நெடுநினைவு. எத்தனை ஆழத்துக்கு வேண்டுமானாலும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் அடைப்புக்குறிகளை, எல்லைக்குட்பட்ட நினைவுள்ள எந்தச் சங்கிலியாலும் சரிபார்க்க முடியாது. இந்த வகைச் சங்கிலிகள் மனித மொழியின் இலக்கணத்துக்கே போதாது என்று நோம் சாம்ஸ்கி 1956இல் வாதிட்டார். இதற்கு மாற்று, எழுத்தை விட்டு இலக்கணத்திலிருந்து தொடங்குவது. அந்தத் துறையில் சென்னைக்கென்று ஓர் இடம் உண்டு என்பதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமனியும் ராணி சிரோமனியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, நம் வாசல் கோலங்களை உருவாக்கும் இலக்கணங்களைப் பற்றி 1974இல் கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளிக்குப் பக்கத்துப் புள்ளி என்று தடவிக்கொண்டு போகாமல், முழு வடிவத்தையும் விதிகளிலிருந்து விரிப்பது அவர்கள் வழி. சிறிய கோலத்தைத் தந்த அதே விதிகள் பெரிய கோலத்தையும் தரும்.

இரவு முழுக்க ஓடவிடுவது பற்றிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் நிரல் சுமார் 1,000 எழுத்துகள் என்று வைத்துக்கொள்வோம். விசைப்பலகையில் அச்சாகும் குறிகள் 95. எந்த அட்டவணையும் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு தட்டினால், சாத்தியமான உரைகளின் எண்ணிக்கை 1,978 இலக்கம் கொண்ட எண். அட்டவணை இதைப் பெரிதும் சுருக்குகிறது. சராசரியாக ஒவ்வோர் எழுத்திலும் சமவாய்ப்புள்ள இரண்டு வழிகள்தான் என்று ஆகிவிட்டால் 302 இலக்கம். அதுவும் எந்தக் கணினியாலும் தேடி முடிக்க முடியாத எண்தான். ஆனால் நினைவின் நீளத்தைக் கூட்டி, பாதை பிரியும் இடம் 20 மட்டுமே மிஞ்சும் அளவுக்குக் கொண்டுவந்தால், மொத்தம் 10,48,576 உரைகள். உங்கள் மடிக்கணினிக்கு அது ஓர் இரவு வேலைதான். முழுக் குப்பைக்கும் முழு நகலுக்கும் நடுவில் ஒடுங்கிய பட்டை ஒன்று இருக்கிறது. ஏதாவது கிடைப்பதென்றால் அங்கேதான் கிடைக்கும். அங்கே ஓடக்கூடியதாகப் பிழைத்து வருபவை பெரும்பாலும் குறிப்புரையில் ஒரு சொல் மாறியவை, தீங்கில்லாத ஒரு வரி இரண்டு முறை வந்தவை, அச்சடிக்கும் செய்தி பாதியில் வேறு செய்தியோடு ஒட்டிக்கொண்டவை. செயலைத் தொடாத இடத்தில் நடக்கும் மாற்றம்தான் உயிரோடு வெளியே வருகிறது. மேலான குழந்தை என்று நீங்கள் எதிர்பார்ப்பது இது அல்லவே.

வெளியீட்டையே மறுபடியும் உள்ளீடாகக் கொடுத்தால் படிப்படியாக வளராதா என்று அடுத்துத் தோன்றும். வளராது, தேயும். இதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. நினைவு நீளம் 3 என்றால், மகன் நிரலில் உள்ள ஒவ்வொரு நான்கெழுத்துத் துண்டும் தாய் நிரலில் ஏற்கெனவே இருந்ததுதான். புதிதாக ஒன்றும் பிறக்க வழியில்லை. ஆனால் சீட்டில் விழாமல் போன துண்டு அடுத்த தலைமுறைக்கு இல்லாமலே போய்விடும். வரவே இல்லாமல் செலவு மட்டும் நடக்கும் கணக்கு இது. பல தலைமுறை ஓட்டினால் ஒரே சில வரிகளைச் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கும். பெரிய மொழி மாதிரிகளை அவற்றின் வெளியீட்டையே ஊட்டிப் பயிற்றினால் அரிதானவை முதலில் மறைகின்றன என்று 2024இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வும் இதே திசையில்தான் பேசுகிறது. இரண்டின் உள்ளமைப்பும் வேறு. ஆகவே ஒன்றில் நடப்பது அப்படியே மற்றதிலும் நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை.

என் வேலையில் நாங்கள் கடந்து வந்ததும் இந்தப் பாதைதான். எழுத்துச் சங்கிலியில் தொடங்கினோம். வந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே கம்பைலரின் வாசற்படியிலேயே நின்றுவிட்டன. உள்ளே இருக்கும் பிழையைத் தேட வந்த எங்களுக்கு அதனால் பயன் இல்லை. பிறகு டோக்கன் சங்கிலி, அதாவது ஒரு சொல், ஒரு குறி, ஓர் எண் என்று முழு அலகாக எடுத்துக் கோப்பது. கொஞ்சம் தேறியது. நிரலை இலக்கண மரமாகப் பிரித்து, கிளைக்குக் கிளை மாற்றத் தொடங்கிய பிறகுதான் வேலை நடந்தது. உலகெங்கும் அனுபவம் இதுவே. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் ரெகரும் அவர் குழுவும் உருவாக்கிய சிஸ்மித் என்ற கருவி, சி என்ற நிரல்மொழியில் தற்செயல் நிரல்களை இலக்கணத்திலிருந்து விரிக்கிறது. விளைவு இன்னதென்று மொழியின் விதிகளே வரையறுக்காத செயல்கள் நுழைந்துவிடாதபடியும் காவல் காக்கிறது. மூன்று ஆண்டுகளில் 325க்கு மேற்பட்ட புதிய பிழைகளைக் கம்பைலர்களில் கண்டுபிடித்ததாக 2011இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு வந்த லாங்ஃபஸ் என்ற கருவி, ஏற்கெனவே உள்ள நிரல்களின் மரத்துண்டுகளை வெட்டி ஒன்றின் கிளையை இன்னொன்றில் ஒட்டியது. உங்கள் ஆசைக்கு மிக நெருங்கிய உறவு அதுதான்: பழைய நிரலின் சாயல் இருக்கும், இலக்கணமும் கெடாது.

ஓர் எச்சரிக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். உங்கள் நிரலில் கோப்பைத் திறக்கும் கட்டளை இருக்கிறது. வெளியீட்டைக் கோப்பில் சேமிக்கிறீர்கள் என்றால் எழுதுவதற்காகத் திறக்கும் கட்டளையும் இருக்கும். இந்த இரண்டும் சீட்டில் இடம் மாறி ஒட்டிக்கொண்டால், பிறந்த நிரல் முதல் வேலையாகத் தாயின் கோப்பை எழுதுவதற்குத் திறக்கும். திறந்த கணமே அது வெறுமையாகிவிடும். எங்களுக்கு ஒருமுறை இது நடந்தது. ஒரு வாரமாகத் திருத்திக்கொண்டிருந்த கோப்பு, மாற்றுப் பிரதி எடுத்து வைக்காத கோப்பு, காலையில் வந்து பார்த்தபோது 0 பைட். அன்றிலிருந்து தற்செயலாகப் பிறந்த எந்த நிரலையும் தனிக் கணக்கில், படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்புறையில், நேர வரம்போடுதான் ஓட்டுகிறேன். நேர வரம்பு ஏன் என்றால், ஒரு நிரல் எப்போதாவது நிற்குமா என்பதை ஓட்டிப் பார்க்காமலே சொல்லிவிடும் பொதுவழி கிடையாது என்று ஆலன் டூரிங் 1936இலேயே நிறுவிவிட்டார்.

அப்படியென்றால் தற்செயலிலிருந்து மேலான நிரல் பிறந்ததே இல்லையா? பிறந்திருக்கிறது. சூழலியலாளர் டாம் ரே 1990இல் ஓட்டிய டியேரா என்ற செயற்கை உலகம் நீங்கள் அவசியம் படிக்க வேண்டியது. அவர் கையால் எழுதி உள்ளே விட்டது 80 கட்டளைகள் கொண்ட, தன்னை நகலெடுக்கும் ஒரே ஒரு நிரல். நகலெடுக்கும்போது அவ்வப்போது பிழை விழும்படி வைத்தார். கொஞ்ச நேரத்தில் 45 கட்டளைகள் மட்டுமே கொண்ட ஒன்று தோன்றியது. அதனிடம் நகலெடுக்கும் பகுதியே இல்லை. பக்கத்து நிரலின் நகலெடுக்கும் பகுதியைப் பயன்படுத்திக்கொண்டு பெருகியது. ஒட்டுண்ணி! அதற்கு இடம்கொடாத நிரல்கள் பின்னர் தோன்றின. ஒட்டுண்ணியையே சுரண்டும் நிரல்களும் தோன்றின. இவற்றில் ஒன்றையும் ரே எழுதவில்லை.

ரேயிடம் இருந்து உங்களிடம் இல்லாதவை இரண்டு. ஒன்று, பிழை பொறுக்கும் மொழி. அவருடைய மொழியில் மொத்தமே 32 கட்டளைகள், ஒவ்வொன்றும் 5 பிட். எந்த பிட்டைத் திருப்பினாலும் வேறொரு செல்லுபடியாகும் கட்டளைதான் வரும். இலக்கணப் பிழை என்ற ஒன்றே அங்கே கிடையாது. பைத்தானில் ஒரு முக்காற்புள்ளி போனால் முழு நிரலும் போயிற்று. மற்றொன்று, வடிகட்டி. நினைவகம் நிரம்பியதும் வயதானவையும் அதிகம் தவறு செய்பவையும் அழிக்கப்படும். நன்றாக நகலெடுப்பவை எஞ்சும். உங்கள் நிரல் எழுதுகிறது, ஆனால் எழுதியதில் எது நல்லது என்று பார்க்க அங்கே யாரும் இல்லை. சாயலை எவ்வளவு கூட்டினாலும் இந்த வடிகட்டியின் வேலையை அது செய்யாது என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. டியேரா போன்ற உலகங்கள் முடிவே இல்லாமல் சிக்கலான உயிர்களை உண்டாக்கிக்கொண்டே போகுமா என்பது மட்டும் இன்றும் தீராத விவாதம். போகாது என்று சொல்பவர்கள் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆனால் இது கருத்து, நிறுவப்பட்டதல்ல.

இன்றைய மொழி மாதிரிகள் ஓடக்கூடிய நிரலை எழுதுகின்றனவே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அவையும் அடுத்த டோக்கனைத்தான் கணிக்கின்றன. ஆனால் அவை திரும்பிப் பார்க்கும் தூரம் ஆயிரக்கணக்கான டோக்கன்கள். அட்டவணையில் இல்லாத சூழலுக்கும் பதில் சொல்லும்படி கற்றவை. நிரல் என்பது ஆங்கில உரையைவிட எளிதாக முன்கணிக்கத்தக்கது என்று, சென்னை ஐஐடியில் படித்த பிரேம் தேவன்புவும் அவருடைய சகாக்களும் 2012இல் காட்டியது இந்தத் துறைக்குப் பெரிய திறப்பு. 2015இல் ஆந்த்ரே கார்ப்பதி, லினக்ஸ் இயங்குதளத்தின் மூலநிரலை எழுத்தெழுத்தாகப் படித்த ஒரு நரம்பியல் வலையமைப்பின் வெளியீட்டைக் காட்டினார். அடைப்புக்குறிகளும் உள்தள்ளலும் பெரும்பாலும் சரி. அறிவிக்காத மாறிகளைப் பயன்படுத்தியது, அறிவித்ததைத் தொடாமல் விட்டது. நெடுநினைவு எங்கே தேய்கிறது என்பதை அதில் கண்ணால் காணலாம்.

உங்கள் நிரலுக்குத் திரும்புவோம். அதைத் தூக்கிப் போடாதீர்கள். அதை வைத்துச் செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. நினைவு நீளத்தை 1இலிருந்து 20வரை, தேவைப்பட்டால் அதற்கு மேலும், ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு நீளத்துக்கும் ஆயிரம் உரைகள் எழுதச் சொல்லுங்கள். எதையும் ஓட்ட வேண்டாம். பைத்தானின் ஏஎஸ்டி தொகுப்பில் உள்ள பார்ஸ் செயற்கூறிடம் கொடுத்து, இலக்கணம் சரியா என்று மட்டும் கேளுங்கள். பெயர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பைத்தான் ஓடும்போதுதான் பார்க்கும் என்பதால் இந்தச் சோதனை சற்றுத் தாராளமானது. சி மொழியாக இருந்தால் பலதும் இங்கேயே சிக்கியிருக்கும். எல்லா உரையும் தாயின் நீளத்திலேயே இருக்கட்டும். குட்டையான உரை எளிதில் தேறிவிடும். தேறியவற்றில் தாயின் அச்சுநகல்களைக் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். அந்த எண் முதலில் ஏறி, பிறகு இறங்கிச் சுழியத்தில் விழும். பிறகு இதையே டோக்கன் அலகில் செய்து, இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள்.

சுழியத்தில் விழும் அந்த நீளத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சற்று முன்புவரை பாதையைப் பிரித்துக்கொண்டிருந்த கடைசித் துண்டு எது என்று கோப்பில் தேடுங்கள். பெரும்பாலும் நீங்கள் ஓரிடத்தில் எழுதி, வெட்டி ஒட்டி, இன்னோரிடத்தில் சிறிது மாற்றிய ஒரு வரியாக அது இருக்கும். அந்த வரியைத் தனிச் செயற்கூறாக ஆக்கிவிட்டு மறுபடியும் ஓட்டுங்கள். எல்லை எந்த எண்ணுக்கு இறங்குகிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.